வெளிநாட்டு மருமகனும் மருமகளும்: எந்த வழியில் அழைத்து வருவது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்தக் கூட்டத்துல சேமிப்பு, கடன், தவணைன்னு பேசுவோம். இன்னைக்குத் தலைப்பு வேற. வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால், அவரை நம்ம வீட்டுக்கு அழைத்து வந்து சட்டப்படி குடித்தனம் நடத்த என்ன வழி என்பதுதான் விஷயம். "இது நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் நம்ம ஊரை எண்ணிப் பாருங்க.

1896-ல் ரமணர் இந்த ஊருக்கு வந்தார். 1934-ல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிநாட்டில் பரவியது. இன்னைக்கும் செங்கம் ரோட்டுல நடந்தால் பல நாட்டு முகங்களைப் பார்க்கலாம். மாதக்கணக்கில் தங்குகிறார்கள், பழகுகிறார்கள், சிலர் நம்ம பிள்ளைகளையே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இது ஒரு வகை வீடு.

இரண்டாவது வகை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வேலைக்குப் போன பிள்ளை அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மருமகளோட வரேன்" என்று போன் செய்யும் வீடு. மூன்றாவது வகை, நம்ம மாவட்டத்திலும் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம். அங்கே இருக்கிற பையனை உள்ளூர்ப் பெண் கட்டுகிறாள், உள்ளூர்ப் பையன் முகாம் பெண்ணைக் கட்டுகிறான். மொழி ஒண்ணு, சாமி ஒண்ணு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதுவும் வெளிநாட்டவரோடு நடக்கிற கல்யாணம்தான்.

இந்த மூணு வீட்டுக்கும் முதலில் ஒரு விஷயம் சொல்லிடறேன். கல்யாணம் ஆன உடனே யாருக்கும் இந்தியக் குடியுரிமை வந்துவிடாது. சோனியா காந்தி இந்த நாட்டுப் பிரதமர் வீட்டுக்கு மருமகளாக வந்தது 1968-ல். இந்தியக் குடிமகளாகப் பதிவு ஆனது 1983-ல். பிரதமர் வீட்டுக்கே அப்படி என்றால், நம்ம வீட்டுக்குத் தாலி மட்டும் போதுமா?

நான் இன்னைக்குச் சொல்லப் போறதை மூணு தேதியாக மனசுல வைச்சுக்கோங்க. கல்யாணம் பதிவு செய்த தேதி, விசா முடியும் தேதி, குழந்தை பிறக்கும் தேதி. இந்த மூணும் ஒண்ணோடு ஒண்ணு பின்னிக் கிடக்கு.

பதிவுதான் முதல் படி

குழுவுல தீர்மானம் எழுதாமல் வங்கியில் பணம் எடுக்க முடியுமா? எல்லாரும் கூடிப் பேசினோம், கை தூக்கினோம் என்றால் மேலாளர் ஒத்துக்கொள்வாரா? கல்யாணமும் அப்படித்தான். கோயிலில் மாலை மாற்றிய போட்டோ ஆசைக்கு உதவும். விசாவுக்குப் பதிவுச் சான்றிதழ் வேணும்.

இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால் இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம் செல்லும். ஒருவர் வேறு மதம் என்றால், கோயிலில் தாலி கட்டினாலும் அந்தச் சட்டத்தில் செல்லாது. அப்போது நமக்கு உள்ள வழி 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாற வேண்டியதில்லை. ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்கணும்.

நடைமுறை இது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கணும். நம்ம பெண்ணோ பையனோ இங்கேயே இருப்பதால் அது சிரமம் இல்லை. பதிவுத்துறையில் திருமண அலுவலரிடம் எழுத்தில் அறிவிப்பு கொடுக்கணும். அதை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவாங்க. 30 நாள் காத்திருக்கணும். சட்டப்படியான ஆட்சேபணை இல்லை என்றால், அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 3 சாட்சிகளோடு போய்க் கல்யாணத்தை முடிக்கணும். அந்த 3 மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

இங்கேதான் கணக்கு இடிக்கும். சில சுற்றுலா விசா 30 நாளுக்குத்தான். வந்து இறங்கிய அன்றே அறிவிப்பு கொடுத்தாலும் காத்திருக்கும் நாளுக்கே விசா சரியாய்ப் போகும். அதனால் விசா எத்தனை நாளுக்கு என்று பார்த்துவிட்டுத்தான் கல்யாணத் தேதி குறிக்கணும். பஞ்சாங்கம் அப்புறம்.

வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசாவோடு, அவர் கல்யாணம் ஆகாதவர் அல்லது மணவிலக்கு பெற்றவர் என்று அவர் நாட்டிலிருந்து சான்றும் கேட்பாங்க. "இந்தச் சான்று எதுக்கு, நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது பேசினால் மயங்காதீங்க. அங்கே ஒரு குடும்பம் இருந்து, இங்கேயும் ஒரு தாலி ஏறினால், நம்ம பெண்ணின் கல்யாணம் செல்லாது. அந்தச் சான்று நம்ம பெண்ணுக்குத்தான் பாதுகாப்பு.

ஏற்கனவே மாலை மாற்றிக் குடித்தனம் நடத்துகிறவர்களும் இதே சட்டத்தில் பின்னால் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்கணும், இருவருமே 30 நாள் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கணும். அப்போதும் 30 நாள் அறிவிப்பு உண்டு.

வெளிநாட்டிலேயே கல்யாணம் என்றால் இரண்டு வகை. 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் செய்யலாம். அல்லது அந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்து, அந்தச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையோ தூதரகச் சான்றொப்பமோ வாங்கிவரணும். இதை அங்கேயே முடிச்சுட்டு விமானம் ஏறணும். இங்கே வந்தபின் ஒரு முத்திரைக்காகத் திரும்பப் பறக்க முடியுமா?

வழி ஒன்று: எக்ஸ் விசா

இந்தியக் குடிமக்களின் கணவர் அல்லது மனைவிக்குக் கொடுப்பது எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசா. வெளிநாட்டில் இருப்பவர் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் திருமணச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பிக்கணும். சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே கல்யாணம் செய்தவர், எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் விசா மாற்றம் கேட்கலாம். நமக்கு அது சென்னையில் இருக்கு. 2018 முதல் விண்ணப்பம் ஆன்லைனில்தான். உண்மையில் சேர்ந்து வாழ்கிறார்களா என்று வீட்டுக்கு வந்து விசாரணையும் நடக்கலாம். பயப்பட வேண்டாம், கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்க. ஆனால் "இங்கே வந்து மாத்திக்கலாம்" என்று முன்கூட்டியே நம்பி வரவழைக்காதீங்க. நேரம் இருந்தால் தூதரகத்திலேயே எக்ஸ் விசா வாங்கி வருவதுதான் நிம்மதி.

180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்யணும். விசாவிலேயே எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தவரை வைத்துப் படித்துப் பாருங்க. இந்த விசாவில் இருப்பவர் வேலைக்குப் போக நினைத்தால், முதலில் அனுமதி பற்றிக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

வழி இரண்டு: ஓ.சி.ஐ. அட்டை

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை என்று பெயர். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை, ஆயுள் விசா மாதிரி. கல்யாணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 ஆண்டு நிலைத்திருக்கணும். பாதுகாப்பு விசாரணையும் உண்டு. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு இது கிடையாது. இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய்.

கையில் வந்தால் அடிக்கடி விசா நீட்டிக்கிற அலைச்சல் இல்லை. சொந்த நாட்டு பாஸ்போர்ட்டையும் விட வேண்டாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது, பொதுவாக அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இன்னொன்று முக்கியம். கல்யாணத்தை வைத்துக் கிடைத்த அட்டை என்பதால், விவாகரத்து ஆனால் அட்டையை ரத்து செய்யலாம்.

வழி மூன்று: குடியுரிமை

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, இந்தியக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்தவர் 7 ஆண்டு இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த 7 ஆண்டை இப்படிப் பார்க்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இந்தியாவில் இருக்கணும். அதற்கு முந்தைய 8 ஆண்டில் மொத்தமாக 6 ஆண்டாவது இங்கே இருந்திருக்கணும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகும், முடிவு மத்திய அரசு எடுக்கும்.

கிடைத்தால் நம்மைப் போல ஓட்டு, நிலம், எல்லா உரிமையும் உண்டு. விவாகரத்து ஆனாலும் குடியுரிமை போகாது. ஆனால் இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிறந்த நாட்டுக் குடியுரிமையை விட்டாகணும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எது சீக்கிரம் கிடைக்கும் என்று மட்டும் பார்க்காதீங்க. எக்ஸ் விசா எல்லாருக்கும் முதல் படி. 2 ஆண்டு கழித்து ஓ.சி.ஐ.யோடு நிற்பதா, 7 ஆண்டு ஆனதும் குடியுரிமை கேட்பதா என்பதுதான் உண்மையான கேள்வி.

வெளிநாட்டில் வயசான தாய் தகப்பன், ஓய்வூதியம், சொத்து இருக்கிறவர் ஓ.சி.ஐ.யோடு இருக்க நினைப்பார். அதில் தப்பில்லை. நிலம் வாங்கி உழுது இங்கேயே வாழ்வை முடிக்க நினைப்பவருக்குக் குடியுரிமை பொருந்தும். மருமகளாக வந்த பெண் என்றால் இன்னும் ஒரு கணக்கு உண்டு. அவள் இங்கே தங்கும் உரிமை முழுவதும் கணவன் கையில் தொங்குகிறதா, அவள் சொந்தக் காலில் நிற்கிறதா? "எதிர்த்துப் பேசினால் விசாவை ரத்து பண்ணிடுவேன்" என்று மிரட்ட ஓ.சி.ஐ.யிலும் எக்ஸ் விசாவிலும் இடம் இருக்கு. குடியுரிமை வந்தபின் அந்த மிரட்டல் செல்லாது.

அதனால் முடிவு யாருடைய பாஸ்போர்ட்டோ அவருடையது. மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகளின் பாஸ்போர்ட் மருமகளிடமே இருக்கட்டும், நம்ம பீரோவில் பூட்ட வேண்டாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வாழும் மருமகளுக்கும் பொருந்தும்.

குழந்தை பிறக்கும் தேதி

இதைக் கவனமாகக் கேளுங்க. 2004 டிசம்பர் 3 முதல் சட்டம் மாறிப்போச்சு. அதற்குப் பின் இந்தியாவில் பிறக்கும் குழந்தை இந்தியக் குடிமகனாக, தாயும் தகப்பனும் இந்தியராக இருக்கணும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் அந்தக் குழந்தை பிறக்கும் நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உரிய விசா இல்லாமல் வந்தவர் மட்டும் சட்டவிரோதக் குடியேறி இல்லை. விசாவோடு வந்து, காலம் முடிந்தும் தங்கியவரும் அதில் சேர்ந்துவிடுகிறார்.

அதாவது, கணவரின் விசா போன மாதம் முடிஞ்சுது, "பிரசவம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், பாதிப்பு குழந்தையின் தலையில் விழும். பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அது குடியுரிமைச் சான்று ஆகாது. கர்ப்பம் உறுதியான அன்றே பாஸ்போர்ட்டை எடுத்து விசா தேதியைப் பாருங்க. தடுப்பூசி அட்டை மாதிரி அதுவும் ஒரு அட்டை.

விசா முடிந்தும் தங்கினால் தண்டனையும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

முகாம் குடும்பங்கள்

1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களில் பலர் படகில் வந்தவர்கள். பாஸ்போர்ட், விசா எடுத்துக்கொண்டா உயிர் தப்பி ஓடி வருவாங்க? ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் பட்டியலில் வருகிறார்கள். அதனால் இந்தியரை மணந்து 7 ஆண்டு வாழ்ந்தாலும் மேலே சொன்ன வழி மூன்று அடைபட்டிருக்கு. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும்தான், இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகப் புதிய சட்டத்தில் தண்டனை வராமல் காக்கும் விலக்கு அது. குடியுரிமை தரவில்லை.

ஆனாலும் தேதியைப் பாருங்க. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் வழக்குப் போட்டார். 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவருக்கு, தாய் அல்லது தகப்பன் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். நம்ம உள்ளூர்ப் பெண் முகாம் பையனைக் கட்டி, அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை என்றால், தாயின் சான்றுகளைத் தேடி எடுங்க. அந்தப் பிள்ளை இந்தியர்.

2004-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நெருக்கடி. சில குடும்பங்கள், இலங்கைக்குத் திரும்பி, பாஸ்போர்ட் எடுத்து, முறையான விசாவில் வரலாமா என்று யோசிக்கிறாங்க. வெளியேற அனுமதி வாங்கணும். திரும்ப விசா கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கடன் வாங்கிக் கிளம்பி, பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே என்று ஆகிவிடக் கூடாது. வக்கீலிடம் கேட்காமல் இந்த வழியில் கால் வைக்காதீங்க.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"எங்க பொண்ணு வெளிநாட்டுக்காரரைக் கட்டினா அவ குடியுரிமை போயிடுமா?"

போகாது. அவளே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால்தான் போகும்.

"பேரன் வெளிநாட்டுல பிறந்தான். அம்மா மட்டும் இந்தியர். அவன் இந்தியனா?"

1992 டிசம்பர் 10-க்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் இந்தியராக இருந்தால்தான் செல்லும். சட்டம் அன்றுதான் தாயையும் சமமாகக் கண்டது. இப்போது தாய் இந்தியர் என்றாலும் போதும். ஆனால் 1 வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யணும்.

"ஆதார் இருக்கே, அது போதாதா?"

12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கிய வெளிநாட்டவருக்கும் ஆதார் உண்டு. அது குடியுரிமைச் சான்று இல்லை. குடியுரிமை வராமல் வாக்காளர் அட்டை வாங்கித் தர யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. பொய் உறுதிமொழி கொடுப்பது குற்றம், பின்னால் குடியுரிமை கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே?"

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள் எல்லாருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. நம்ம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்க. மனுவோடு திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, முகாம் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் இருக்கட்டும்.

"வெளிநாட்டுக்காரருக்கு வீடு வாடகைக்கு விடறோம். நமக்கு ஏதாவது பொறுப்பு உண்டா?"

உண்டு. அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்கணும்.

சகோதரிகளே, தவணைத் தேதி தவறாமல் கட்டி நல்ல பெயர் எடுத்தவங்க நாம. அதே கவனத்தை இந்த மூணு தேதியிலும் வையுங்க. குழுவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, அந்த வீட்டு விசா தேதியை ஊக்குநர் தன் நோட்டில் குறித்து வைக்கட்டும். தேதி நெருங்கும்போது ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருந்தாலே பாதி சிக்கல் தீரும்.